மீன் தொட்டியில் மை

"மேடம், இதுக்குள்ள மீன் இருக்குன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். யாரோ லாரி டயரை ஊறப் போட்டிருக்காங்க."

ஸுபைர் மூக்கை இரண்டு விரல்களால் இடுக்கிக்கொண்டு சொன்னான். ஸ்ஃபாக்ஸ் நகரத்துத் தெருக்களில் வருடக்கணக்கில் மஞ்சள் டாக்சி ஓட்டியவன். பின் சீட்டில் பயணிகள் விட்டுப் போன நாற்றங்களோடு மதியச் சாப்பாட்டையே முடித்தவன். அப்பேர்ப்பட்டவனுக்கே அந்தக் கூடத்தில் நிற்க முடியவில்லை.

சுவரோரம் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. மேலே விளக்கு எரிந்தும் பின்பக்கம் தெரியவில்லை. தண்ணீர் அவ்வளவு கறுப்பு. செத்த மீன் ஒன்று வயிற்றைக் காட்டி மிதந்தது. அதை எடுத்துப் போடக்கூட அந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது.

நஜீபா கர்ராத் மூக்கைப் பிடிக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காக, கடைகள் தானாக எரிந்தனவா எரிக்கப்பட்டனவா என்று சாம்பலை மோந்தே சொன்ன மூக்கு அது. இப்போது பாப் திவான் கோட்டை வாசலுக்கு எதிரே, மாடியில், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம்; ஸுபைர் அவளுக்கு உதவியாள். தொட்டியின் விளிம்பில் குனிந்து மோந்தவள், கோட்டுப் பையிலிருந்து ஒரு சூரியகாந்தி விதையை எடுத்துக் கடித்தாள். இந்த நாற்றத்தில் இவளுக்குத் தொண்டையில் இறங்குகிறதே என்று ஸுபைருக்கு எரிச்சலாக வந்தது.

"பார்த்தீங்களா மேடம்? என் பக்கத்து வீட்டுக்காரன் பண்ணின வேலை!"

வீட்டுக்காரர் ஸி ரஷாத் கம்மூன் எட்டவே நின்றார். பழைய ஊரின் கடைத்தெருவில் கம்பளி நூலுக்குச் சாயம் போட்டு விற்றவர், இப்போது ஓய்வு. ஒரு கையில் அத்தர் தெளித்த கைக்குட்டை, மறு கையில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில். சட்டையில் சுருக்கமில்லை, நகத்தில் அழுக்கில்லை. மூக்குக்கண்ணாடிக் கயிற்றின் முனை பிசிராதபடி கடுகளவு முடிச்சு ஒன்று போட்டு வைத்திருந்தார்.

"சாயக்காரன்தான் நான். ஆனா என் கையில ஒரு சொட்டுக் கறை பார்த்தவன் இந்த ஊருல கிடையாது. சுத்தம் எனக்கு உயிரு. மதிலுக்கு அந்தப் பக்கம் அந்த லம்ஜத்தோட ஆலிவ் செக்கு. அதுல வழியுற மர்ஜீனைப் பின்னாடி விட்டிருக்கான். அது ஊறி ஊறி என் கிணத்துல இறங்கிருச்சு."

மர்ஜீன் என்றதும் ஸுபைரின் முகம் கோணியது. ஆலிவ் பருவம் வந்துவிட்டால் ஊரே மூக்கைப் பொத்தும் கறுப்புக் கழிவு அது.

"அந்த லம்ஜத் பொண்ணுதானே உங்க வீட்டுக்கு வர்ற மருமகள்?" என்றாள் நஜீபா.

"வர வேண்டிய மருமகள். இந்த சனிக்கிழமை கல்யாணம். என் கிணத்துல விஷத்தை விட்டவன் வீட்டுல எப்படி மேடம் சம்பந்தம் பண்றது? இமாமுக்கு முன்னால உக்காந்து ஃபாத்திஹா ஓதி வாக்குக் குடுத்தவன் நான். நானா முறிக்கல. அவன் முறிச்சுட்டான்."

மேசை மேல் புகார் தயாராக இருந்தது. நஜீபா அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளைக் காலை நகராட்சிக்குப் போகும், செக்கு சீல் வைக்கப்படும், கல்யாணம் நிற்கும். அவள் அதை நிதானமாகப் படித்தாள்.

"'மீன் தொட்டியில் ஊற்றப்படுவது என் வீட்டுக் கிணற்று நீரே.' இது நீங்களே எழுதினதா?"

"ஒவ்வொரு எழுத்தும்."

"நல்லது" என்று மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அதில் என்ன நல்லது என்று ஸுபைருக்குப் புரியவில்லை.

தோட்டத்துக் கிணற்றில் வாளியை இறக்கியது ரஷாத்தின் மனைவி லல்லா தூஜா. கெர்க்கனா தீவுக்காரி, மீனவர் வீட்டில் பிறந்தவள். வாளி மேலே வந்த வேகத்தைப் பார்த்தால் ஸுபைரைப் போல இரண்டு பேரை இறைத்துவிடுவாள் என்று தோன்றியது. ஆனால் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை. புருஷன் கைக்குட்டையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

வாளித் தண்ணீர் தெளிவாக இருந்தது.

"மேடம், இதுல என்ன குறை? முகமே தெரியுது!"

"முகத்தைப் பார்த்தது போதும். மோந்து பாரு."

மோந்தான். பின்னால் சாய்ந்தான். "அல்லாவே! முட்டை அழுகினா நாறும். இது முட்டை போட்ட கோழியும் சேர்ந்து அழுகின நாத்தம்!"

"அது இந்தப் பக்கத்துக் கிணறுகளோட பிறவிக் குணம். லல்லா, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு குடுங்க, பெருசா."

தட்டில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தாள். "யாரும் தொட வேண்டாம். நாங்க வர்ற வரைக்கும் அது காத்து வாங்கட்டும்." மதிலோரம் நின்ற எலுமிச்சை மரத்தில் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கினாள். காய்களின் பாரம் தாங்காமல் கிளைகள் தாழ்ந்திருந்தன.

"எலுமிச்சை எதுக்கு மேடம்? ஜூஸ் போடவா?"

"உனக்கு வாந்தி வந்தா மோந்துக்க. இப்ப செக்குக்குப் போறோம்."

செக்குக்குள் நுழைந்ததும் ஸுபைரின் சட்டை, தலைமுடி, மூச்சு எல்லாவற்றிலும் எண்ணெய் நெடி ஒட்டிக்கொண்டது. ஹாஜி லம்ஜத் பெரிய உருவம். கை முழுக்க எண்ணெய் என்பதால் விரல்களை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டினார். நஜீபா அதைப் பிடித்துக் குலுக்கினாள்.

"மர்ஜீனைப் பார்க்கணுமா? வாங்க மேடம். இதை எங்க ஒளிக்கிறது? மூடி வெச்சாலும் தெருவுக்கே தெரியும்" என்று பின்பக்கம் கூட்டிப்போய் சிமெண்டுக் குழியைக் காட்டினார். "லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகுது. ஒரு சொட்டு வெளிய போகல. நான் சொன்னா அவரு நம்பணுமே. ஃபாத்திஹா ஓதி முடிச்சதும் என் கையைப் பிடிச்சாரு மேடம். பிடிச்ச கையோட கைக்குட்டையை எடுத்துத் துடைச்சுக்கிட்டாரு. அன்னைக்கே எனக்குச் சுருக்குன்னுச்சு. பொண்ணு முகத்தைப் பார்த்து விழுங்கிக்கிட்டேன்."

ஸுபைர் ஒரு பாட்டிலில் அந்தக் கழிவை மொண்டான். கொழகொழவென்று இறங்கியது. மூடியைத் திருகும்போது கொஞ்சம் அவன் ஷூவில் வழிந்தது. "போச்சு. இனிமே இந்த ஷூவுக்குத் தனி வீடு பார்க்கணும்."

வெளியே வரும்போது மாடிப்படியில் ஒரு பெண் நின்றாள். லம்ஜத்தின் மகள் ஸிரீன். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

"மேடம், நாளைக்கு எனக்கு மருதாணி வைக்கணும். அத்தை மக்களெல்லாம் வந்துட்டாங்க. வைக்கட்டுமா, வேண்டாமான்னு கேக்குறாங்க. அதை மட்டும் சொல்லிடுங்க."

"மாப்பிள்ளை அனிஸ் என்ன சொல்றான்?"

"அவங்க அப்பா கையைப் பிடிச்சுக் கெஞ்சுறான். அவன் வேற என்ன பண்ணுவான்? காய்ச்சல்ல கிடந்து இப்பத்தான் எழுந்திருக்கான்."

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லி அனுப்புறேன்" என்றாள் நஜீபா. எப்போதும் எதற்கும் வாக்குக் கொடுக்காதவள் அவள். ஸுபைர் ஓரக்கண்ணால் பார்த்தான்.

தெருவுக்கு வந்ததும் அவள் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். "மேல பாரு. எண்ணெய் கண் கண்ணா மிதக்குது. அந்த மீன் தொட்டியில எண்ணெய் பார்த்தியா?"

"நாத்தம்தான் பார்த்தேன்."

"ஒரு துளி இல்ல. கிணத்துக்கும் செக்குக்கும் நடுவுல அந்த எலுமிச்சை நிக்குது. மண்ணுக்குள்ள மர்ஜீன் ஊறி வந்திருந்தா அது இந்நேரம் விறகாயிருக்கும். இதுல செக்குக்குச் சம்பந்தமே இல்ல."

"அப்ப வேலை முடிஞ்சுது. அவரு மீன் அவரு மூஞ்சியைப் பார்த்தே செத்துருச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பலாம்."

"தண்ணி எப்படிக் கறுத்துச்சுன்னு சொல்லாம போனா அந்த மனுஷன் வேற ஆளைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்குவாரு. வா."

வெயிலில் வைத்த தட்டு அவர்களுக்காக நிறம் மாறிக் காத்திருந்தது. தெளிவாக ஊற்றிய தண்ணீர் துருப்பிடித்த காவி நிறத்தில் கிடந்தது. அடியில் பொடியாக வண்டல்.

"இரும்பு" என்றாள் நஜீபா. "மண்ணுக்குள்ள இருக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. காத்துப் பட்டா வெளிய வரும்."

"காவிதானே மேடம்? தொட்டி கறுப்பால்ல இருக்கு?"

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் லல்லா தூஜா தேநீர்த் தட்டோடு வந்தாள். சின்னக் கண்ணாடிக் குவளைகள், மேலே மிதக்கும் பைன் பருப்பு. ஸுபைர் தாகத்தில் ஒரே மடக்காகக் குடித்தான். நாக்கில் ஆணியை வைத்தாற்போல ஒரு சுவை. குவளையை வெளிச்சத்தில் பார்த்தான். சிவப்பாக இருக்க வேண்டிய தேநீர் கறுப்பாக இருந்தது.

"லல்லா, தப்பா நினைக்காதீங்க. இது அடுப்புல கொதிச்சதா, தொட்டியில மொண்டதா?"

அவள் முகம் வெளுத்தது. தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நஜீபா அவள் பின்னாலேயே நடந்தாள். போகிற வழியில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய துணிப் பையிலிருந்து காய்ந்த மாதுளம் தோலை ஒரு பிடி அள்ளிக்கொண்டாள். ஸுபைர் நாக்கைச் சட்டையில் துடைத்தபடி, காவித் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்தொடர்ந்தான்.

"லல்லா, இது எதுக்கு?"

"மீனுக்கு மருந்து. குளிர் ஆரம்பிச்சா வருஷா வருஷம் அவரு போடுவாரு. தண்ணி லேசா மஞ்சளாகும். அவ்வளவுதான்."

நஜீபா கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மாதுளம் தோலை நொறுக்கி அதில் கொஞ்ச நேரம் விட்டாள். அந்தச் சாற்றைக் காவித் தண்ணீரில் ஊற்றினாள். விழுந்த இடத்திலிருந்து கறுப்பு கிளம்பித் தட்டு முழுக்கப் பரவியது. ஸுபைரின் வாய் திறந்தபடி நின்றது.

"தேயிலையில இருக்கிற துவர்ப்பும் இதுல இருக்கிற துவர்ப்பும் அண்ணன் தம்பி. இரும்புத் தண்ணியைத் தொட்டா ரெண்டும் மையாயிரும். சாயப் பட்டறையில கம்பளியைக் கறுப்பாக்குறது இப்படித்தான்."

"அப்ப நான் இப்ப குடிச்சது…"

"மை. இனிமே உன் பேச்சுல எழுத்துப் பிழை வராது."

லல்லா தூஜா சிரிக்கவில்லை. நஜீபா அவள் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது.

"ஸ்ஃபாக்ஸ்ல எந்த வீட்டுல கிணத்துத் தண்ணியில தேநீர் போடுறாங்க, லல்லா? கிணறு தோட்டத்துக்கு. குடிக்க, சமைக்க, மீன் தொட்டிக்கு, எல்லாத்துக்கும் முற்றத்துக்கு அடியில மாஜில் இருக்கே. மழைத்தண்ணி நிறைஞ்சிருக்குமே. இந்த வீட்டு மாஜிலுக்கு என்ன ஆச்சு?"

அந்தப் பெண்மணி ரவிக்கைக்குள் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தாள்.

முற்றத்தின் மூலையில் பெரிய ஜெரேனியத் தொட்டி ஒன்று இருந்தது. ஸுபைர் அதை நகர்த்தினான். கீழே இரும்பு மூடி, பூட்டு, மூடியைச் சுற்றிக் களிமண் பூச்சு. பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினான்.

தூக்கியிருக்கக் கூடாது. உள்ளிருந்து வந்ததை நாற்றம் என்று சொன்னால் நாற்றத்துக்கு அவமானம். முகத்தில் ஈரமாக அறைந்து, மூக்கு வழியாக நுழைந்து, நாக்கில் உட்கார்ந்துகொண்டது. டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் மேல் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. அதில் செதில்கள் மினுங்கின. நடுவே உப்பி வெடித்த ஏதோ ஒன்று அசைந்தது. அசைந்தது அதுவல்ல, அதன் மேல் மொய்த்தவை. ஸுபைர் மூடியை விட்டுவிட்டு எலுமிச்சை மரத்தடிக்கு ஓடினான். காலையில் தின்றது, நேற்றுத் தின்றது எல்லாம் போயிற்று.

"மேடம்… நான் குடிச்ச தேநீர்…" என்று அங்கிருந்தே ஈனஸ்வரத்தில் கேட்டான்.

"கறுப்பா இருந்துச்சுல்ல? அப்ப அது கிணத்துத் தண்ணி. அந்தக் கறுப்புக்கு நன்றி சொல்லு."

மூடியைத் திரும்பப் போட்டதும் லல்லா தூஜா முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"களவா மீன்" என்றாள். "எங்க அண்ணன் கெர்க்கனாவிலேருந்து படகுல அனுப்பினது. குழந்தை அளவு இருந்துச்சு. கல்யாணத்துக்கு மறுநாள் பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து தாண்டுவாங்கல்ல, அந்த மீனு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சனிக்கிழமைதான் முதல்ல குறிச்ச நாள். மீனு வந்து இறங்குற அன்னைக்கு இவரு கல்யாணத்தைத் தள்ளி வெச்சுட்டாரு. ஸூஸ் ஊருல அத்தை செத்துட்டாங்கன்னு. அந்த அத்தையோட இவரு பேசி எத்தனையோ வருஷம் ஆச்சு."

"ஃப்ரிட்ஜ்ல இடமில்லையா?"

"ரெண்டுலயும் ஆட்டுக்கறி. சரி, ஒரு ராத்திரிதானேன்னு ஓலைக்கூடையில வெச்சு மாஜிலுக்குள்ள தண்ணிக்கு மேல தொங்க விட்டேன். குளுகுளுன்னு இருக்கும். எங்க தீவுல அப்படித்தான் செய்வோம். மறுநாள் கயிறைத் தூக்கினா கை லேசா இருக்கு. கூடை இல்ல. முடிச்சு மட்டும் முனையில இருக்கு. கூடை நழுவி உள்ள போயிருச்சு."

"யார்கிட்டயும் சொல்லல."

"எப்படிச் சொல்றது? கல்யாண மீனு குடிக்கிற தண்ணியில முழுகி அழுகிச்சுன்னா அதைவிட அபசகுனம் உண்டா? இவரு ஏற்கனவே சாக்குத் தேடிட்டு இருக்காரு. புழு திங்கட்டும்னு மாஜிலுக்குள்ள விலாங்கு விட்டு வளர்க்கலையா, ஒரு மீனு கிடந்தா என்ன ஆகும்னு மனசைத் தேத்திக்கிட்டு ரெண்டு நாள் அந்தத் தண்ணியையே எல்லாருக்கும் குடுத்தேன். நானும் குடிச்சேன்." அவள் வாயைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். "அனிஸ் காய்ச்சல்ல விழுந்தான். நாத்தம் கிளம்பிச்சு. அப்புறம்தான் பூட்டிட்டேன். யாருக்கும் தெரியாம எல்லாத்துக்கும் கிணத்துத் தண்ணியை ஊத்தினேன். மீன் தொட்டிக்கும் நான்தானே வாளி தூக்குறது."

"ஸி ரஷாத்துக்குத் தெரியாதா?"

"தெரியாது மேடம். சத்தியமா. தொட்டியில இருக்கிறது மழைத்தண்ணின்னுதான் நினைச்சுட்டு இருக்காரு."

நஜீபா பையிலிருந்து புகாரை எடுத்து ஸுபைரிடம் நீட்டினாள். "அந்த வரியைப் படி. சத்தமா."

ஸுபைர் வாயைத் துடைத்துக்கொண்டு படித்தான். "'மீன் தொட்டியில் ஊற்றப்படுவது என் வீட்டுக் கிணற்று…'" நிறுத்தினான். "மேடம்! இவங்க மாத்தினது இவங்களுக்கு மட்டும்தானே தெரியும்? அவருக்கு எப்படி…"

"அதைத்தான் நல்லதுன்னு சொன்னேன். தொட்டியில கிணத்துத் தண்ணின்னு தெரிஞ்சவருக்கு மாஜில் கெட்டது தெரியும். இரும்புத் தண்ணியில மாதுளம் தோலைப் போட்டா என்ன வரும்னு சாயக்காரருக்குத் தெரியாம இருக்குமா? லல்லா, அந்தக் கயிறு இருக்கா?"

கயிறு சமையலறை ஆணியிலேயே தொங்கியது. நஜீபா அதன் முனையைப் பார்த்துவிட்டு லல்லா தூஜாவின் கையில் கொடுத்தாள். கூடவே காய்கறிக் கூடை ஒன்றையும் நகர்த்தி வைத்தாள்.

"மறு முனையில இந்தக் கூடையைக் கட்டுங்க. அன்னைக்குக் கட்டின மாதிரியே."

தூஜாவின் விரல்கள் தாமாகவே வேலை செய்தன. பிடிக்குள் இரண்டு சுற்று, ஒரு கண்ணி, ஒரு இழுப்பு. படகைக் கட்டும் முடிச்சு, கைமுட்டி அளவுக்குத் திரண்டு நின்றது.

"இப்ப அந்த முனையில இருக்கிற முடிச்சைப் பாருங்க."

அவள் பார்த்தாள். சீராக வெட்டிய முனை. புரி பிரிந்து பிசிரடிக்காமல் இருக்க, கடுகு போல ஒரு குட்டி முடிச்சு. நூல் சிட்டத்தின் வாலில் சாயக்காரர்கள் போடுவது. இந்த வீட்டில் திரைச்சீலைக் கயிற்றிலும் மாதுளைப் பையிலும் மூக்குக்கண்ணாடியிலும் கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்துவருவது. பிசிர் அவருக்குப் பிடிக்காது. இருட்டில் கத்தியால் கயிற்றை அறுத்த பிறகும் அப்படியே விட்டுவிட்டுப் போக அந்தக் கைக்கு மனசு வரவில்லை.

யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கயிற்றைக் கையில் பிடித்தபடி எழுந்தாள்.

"என்ன இங்க ஒரே நாத்தம்? யாரு மூடியைத் திறந்தது?" என்று கேட்டுக்கொண்டே ஸி ரஷாத் முற்றத்துக்கு வந்தார். கைக்குட்டை மூக்கில் இருந்தது. மனைவியின் கையில் கயிற்றைப் பார்த்ததும் நின்றார்.

"புகார்ல ஒரு திருத்தம் இருக்கு, ஸி ரஷாத்" என்றாள் நஜீபா. "விஷம் மதிலுக்கு இந்தப் பக்கத்துலதான் கிளம்பியிருக்கு."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட ஸுபைருக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். அவர் கைக்குட்டையை நான்காக மடித்துக்கொண்டு விவரம் சொல்ல ஆரம்பித்தார்.

"நான் என்ன கொலையா பண்ணினேன்? இமாமுக்கு முன்னால குடுத்த வாக்கு. காரணமில்லாம முறிச்சா கடைத்தெருவுல ஒருத்தன் என் முகத்துல முழிப்பானா? கல்யாண மீனு கெட்டுச்சுன்னு தெரிஞ்சா லம்ஜத்தே பயந்து விலகிருவான்னு நினைச்சேன். இவ வாயையே திறக்கல. இழுத்துக்கிட்டே போச்சு. வேற என்ன பண்றது? மேடம், நீங்களே சொல்லுங்க. அவங்க வீட்டுக் கதவைத் தொட்டாக்கூடக் கை பிசுபிசுங்குது. அந்தக் கையால சோறு போட்டா என் வீட்டுல யாரு திம்பா?"

"ரெண்டு நாள்" என்றாள் லல்லா தூஜா.

"என்ன?"

"ரெண்டு நாள் உங்க மகன் அந்தத் தண்ணியைக் குடிச்சான். காபி, கூஸ்கூஸ், எல்லாம் அதுலதான். நீங்க எதிர்ல உக்காந்து உங்க பாட்டிலைத் திறந்து குடிச்சீங்க. சிறுநீரகத்துக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாருன்னு சொன்னீங்க. அவன் குவளையைத் தூக்குறதைப் பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

ஸி ரஷாத் தன் சட்டைக் கையைச் சரிசெய்தார். "கொதிக்க வெச்சுத்தானே குடிச்சான்."

ஸுபைருக்கு மறுபடியும் அருவருப்பு வந்தது. மாஜிலைத் திறந்தபோது வந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. அதற்கு எலுமிச்சை இலை உதவியது. இந்த ஆளோடு ஒரே முற்றத்தில் மூச்சு விடுவதே பிடிக்கவில்லை.

லல்லா தூஜா கயிற்றைக் கீழே போட்டாள். மதிலோரம் போய் நின்றாள். தலைத்துணியைச் சரிசெய்து, கையை வாயருகே வைத்து, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள்.

அந்த ஒடுங்கிய பெண்மணிக்குள் அவ்வளவு குரல் இருந்தது யாருக்கும் தெரியாது. தீவில், கரையில் நின்று கடலுக்குள் இருக்கும் படகுக்குக் கேட்கிற மாதிரி போடும் குலவை அது. செக்கின் இரைச்சல் சட்டென்று நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஸிரீனின் அத்தை மகள்களில் ஒருத்தி பதில் குலவை போட்டாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி. அதற்கும் அப்பால் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல். எதற்கென்று தெரியாமலே தெருவில் அடுத்த வீடும் சேர்ந்துகொண்டது.

"நிறுத்து! என்ன பண்றே?" ரஷாத்தின் கைக்குட்டை முதல்முறையாக மூக்கை விட்டு இறங்கியிருந்தது. "தெருவுக்கே கேக்குது! இனிமே நான் யாருகிட்டப் போய் முறிஞ்சுதுன்னு சொல்றது?"

"யாருகிட்டயும் சொல்ல முடியாது. அதுக்குத்தானே போட்டேன்."

வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. வெளியே பெண்களின் சிரிப்புச் சத்தம். ஸிரீன் வீட்டுப் பெண்களாகத்தான் இருக்க வேண்டும். நஜீபா புகாரை இரண்டாகக் கிழித்து விதைத் தோல்களோடு சேர்த்துக் கோட்டுப் பையில் திணித்தாள்.

லல்லா தூஜா கதவைத் திறக்கப் போனவள் பாதியில் நின்று திரும்பினாள். புருஷனை உச்சியிலிருந்து பளபளக்கும் காலணி வரை ஒரு தரம் பார்த்தாள். தொட்டியில் மிதந்த செத்த மீனைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை கல்யாணம்" என்றாள். "குளிச்சுட்டு வாங்க."